பதினொரு மிடறு

செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் மூன்று ஜட்கா வண்டிகள் நின்றன. நான் போகவேண்டிய இடத்தைச் சொன்னதும் இரண்டு வண்டிக்காரர்கள் குதிரைக்குப் புல் உதறிப்போடக் குனிந்துகொண்டார்கள். மூன்றாமவர் பெட்டியை வாங்கி ஏற்றினார். ஏரிக்கரையைத் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, "இங்கயே எறங்கிக்க சார், இதுக்கு மேல வண்டி போவாது" என்றார்.

"ஆஸ்பத்திரி இன்னும் வரவில்லையே?"

"தோ தெரியுது பாரு மதிலு. நடந்தா பத்து நிமிட்டு. அந்தாண்ட போனா குதிர மெரளும்."

குதிரை அரைத் தூக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் சண்டை போடவில்லை. சண்டை முற்றி, "சரி, திரும்ப டேசன்லயே வுட்டுடட்டா?" என்று அவர் கேட்டிருந்தால் நான் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பயந்துதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நான் மலாயாவில், ஈப்போ நகரத்துத் தமிழ்ச் சபை ஒன்றின் போதகர். எங்கள் வீட்டில் மின்விசிறி உண்டு, ஐஸ்பெட்டி உண்டு, ஞாயிறு மதியம் யாராவது ஒரு தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியார் வீட்டிலிருந்து கோழிக்கறி வந்துவிடும். அந்தச் சுகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஞாயிறு, கிறிஸ்தவன் சுகத்தை விட்டு வெளியே வரவேண்டும் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். முடிவில் செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்தை வாசித்தேன். தொழுநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரிச் சபையில் முதியவரான போதகர் ஓய்வு பெற்றுவிட்டார், ஐந்து மாதமாக ஆள் இல்லை, யாராவது வரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். முன் வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பிரசங்கத்தின் சூடு எனக்கே தலைக்கேறி, "நானே போகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சூடு இறங்கிவிட்டது. சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? கடைசியில், முதலில் சில நாள் வந்து பார்க்கிறேன், ஞாயிறு ஆராதனை முடிந்து திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். கப்பலேற்ற வந்த என் மனைவி கிரேஸ் சொன்னது இவ்வளவுதான். "பயமாயிருந்தால் பயமாயிருக்கிறது என்று எழுதுங்கள். அங்கே போயும் எனக்குப் பிரசங்கம் எழுதாதீர்கள்."

கம்யூனிஸ்டுகள் சுடுகிற காலத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு லாரியில் போய் ஜெபம் நடத்தியவன்தான் நான். அப்போது இத்தனை பயம் இல்லை. துப்பாக்கியானால் சத்தம் கேட்கும். இந்த நோய் சத்தமில்லாமல் வந்து, இருக்கிறது என்று தெரிவதற்குள் பத்து வருஷம் ஆகிவிடும் என்று கப்பலில் ஒரு கம்பவுண்டர் சொல்லித் தொலைத்திருந்தார்.

புதன்கிழமை மாலை மதிலுக்குள் நுழைந்தேன். வேப்பமரங்கள், ஓட்டுக் கட்டடங்கள், பெருக்கின மண். ஈப்போ ஆஸ்பத்திரியைவிடச் சுத்தம் என்றுதான் சொல்லவேண்டும். டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்தவர், ஐம்பது வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. போதகரை ஐயர் என்று அழைப்பது எங்கள் சபைகளில் வழக்கம்.

"ஐயரே, இது அப்படி லேசுல ஒட்டாது. இருபது வருஷமா தொட்டுக்கிட்டே இருக்கேன், பாருங்க" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். "இப்பம் மாத்திரையும் வந்துட்டு. சாப்பிடுதவங்க கிட்ட இருந்து பயமே இல்ல."

தலையாட்டினேன். அவர் தந்த டீயை, வயிறு சரியில்லை என்று சொல்லி மேஜையிலேயே வைத்துவிட்டேன்.

அன்று முதல் தோல் உள்ள பண்டம் மட்டும் சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். வாழைப்பழம், வேர்க்கடலை, அவித்த முட்டை, இளநீர். உரிப்பது என் கையாக இருக்கவேண்டும். அந்த வாரம் அங்கே அருமையான மிளகு ரசம் வைத்தார்கள். வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு கடலை உடைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஒரு குண்டூசியைச் சட்டைப்பையில் எடுத்து வைத்தேன். உணர்ச்சி போவதுதான் முதல் அடையாளம் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தாரே, ஆகையால் விடிந்ததும் முழங்கை, முழங்கால், விரல் நுனி என்று ஒவ்வொன்றாகக் குத்திப் பார்ப்பேன். வலித்தால் நிம்மதி. அறையில் தொங்கிய கண்ணாடியில் முதுகைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கிக்கொண்டேன். அன்றைக்குக் கிரேஸுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கர்த்தர் பெலன் தருகிறார், ஊழியத்தின் வாசல் திறந்திருக்கிறது என்று இரண்டு பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தேன், வெட்கமாயிருந்தது. தபாலில் சேர்க்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சபையின் கோயில்பிள்ளை தாவீது. ஆலயத்தைக் கூட்டுவது, மணி அடிப்பது, திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சொந்த ஊர் ஊரப்பாக்கம். நோயாளியாக வந்து, குணமாகி, கூடப்பிறந்தவர்கள் வீட்டில் சேர்க்காததால் இங்கேயே தங்கிவிட்டவர். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும்.

"சதுரங்கப்பட்டினத்தாண்ட நம்ம ஜனம் கொஞ்சம் கீது ஐயரே" என்றார் அவர். "இங்க வைத்தியம் பாத்துக்கினு போனவங்க. ஊருக்குள்ள வுடல, சவுக்குத் தோப்புல குட்சை போட்டுக்கினு கீறாங்க. மாசம் ஒருக்கா திருவிருந்து. அஞ்சு மாசமா இல்ல. ஞாயித்துக்கெயம நீங்க வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

அவர்கள் எல்லாருக்கும் கிருமி போய்விட்டது, பரிசோதனை செய்துதான் அனுப்பினோம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் எண்ணமெல்லாம் வேறொன்றில் மாட்டிக்கொண்டது.

அதை விளக்கிச் சொல்லவேண்டும். எங்கள் முறையில் திருவிருந்துக்கு ஒரே பாத்திரம். திராட்சரசத்தின்மேல் ஜெபம் செய்து, போதகர் முதலில் குடித்து, பிறகு முழங்காலில் நிற்கிற ஒவ்வொருவர் வாயிலும் அதே பாத்திரத்தை வைப்பார். ஜெபித்த ரசத்தில் மிச்சம் இருந்தால் கீழே கொட்டக்கூடாது, குப்பியில் திரும்ப ஊற்றக்கூடாது. எல்லார் வாயும் பட்ட அந்த மிச்சத்தைப் போதகரே குடித்துத் தீர்க்கவேண்டும். ஈப்போவில் சில ஞாயிறு அரைப் பாத்திரம் மிஞ்சிவிடும். வெறும் வயிற்றில் அதைக் குடித்துவிட்டு லேசான கிறுகிறுப்போடு வீட்டுக்குப் போவேன். கிரேஸ் இரண்டு விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேலி செய்வாள். இங்கே அதை நினைத்தாலே எனக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

சனிக்கிழமை நானும் தாவீதும், மறுநாள் சதுரங்கப்பட்டினத்துக்குப் படகு பிடிக்க, மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினோம். பாத்திரப் பெட்டி தாவீதின் மடியில் இருந்தது. திருக்கழுக்குன்றம் தேரடியில் டயர் வெடித்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பேஜாரா பூட்ச்சி, அல்லாரும் எறங்கு" என்றார். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. மலைமேல் கழுகுக்குச் சோறு வைக்கிற நேரம், ஆகையால் பஸ்ஸில் பாதிப் பேர் அதைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நிழலில் உட்கார்ந்தேன்.

மறுபடி ஏறியபோது எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. ஈப்போவில் எங்கள் அடுத்த வீடு தெலுங்கு வீடு.

"இந்த ஆள் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறான். கூட இருக்கிறவன் கையைப் பார்த்தாயா?"

"இவனுக்கு ஒன்றும் தெரியவில்லையே."

"முதலில் அப்படித்தான் இருக்கும். இவன் எழுந்தாலும் அந்த இடத்தில் உட்காராதே."

திரும்பி, நான் நோயாளி இல்லையம்மா, போதகர் என்று சொல்ல வாய் துடித்தது. பக்கத்தில் தாவீது இருந்தார். அவருக்கும் தெலுங்கு தெரியுமோ என்னவோ, பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. இங்கே தங்கிவிட்டால் இனி எந்தப் பஸ்ஸிலும் நான் எழுந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், கிரேஸ் எழுந்த இடத்திலும் உட்காரமாட்டார்கள்.

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரைக் கோயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இரவு தங்க இறங்கிய சத்திரத்தில் கார்பாலிக் சோப்பும் கையுமாகக் கிணற்றடியிலேயே நின்றேன். பெட்டியைப் பிடித்த கை, பஸ் கம்பியைப் பிடித்த கை என்று தேய்த்துத் தேய்த்து விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டன. வெளுப்பைப் பார்த்ததும் பகீரென்றது. ஊசியை எடுத்துக் குத்தினேன். வலது கை நடுவிரலில் வலிக்கவில்லை. மறுபடி குத்தினேன். வலிக்கவில்லை. அப்படியே கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து, கிரேஸுக்கு யார் சொல்வார்கள், எந்த வார்டில் போடுவார்கள் என்றுகூட நினைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பேனா பிடித்துக் காய்த்த இடம் என்று புத்திக்கு எட்டியது. பதினெட்டு வருஷமாகப் பிரசங்கம் எழுதிய காய்ப்பு அது.

ஞாயிறு விடிகிற சமயம் பக்கிங்ஹாம் கால்வாயில் விறகுப் படகு ஒன்றில் ஏறினோம். கரையில் இரண்டு பேர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்துப் போனார்கள். ஒரு மண் திட்டில் தட்டி அரை மணி நேரம் நின்றது படகு. அங்கேயே நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டேன், அது தப்புதான். திருவிருந்துக்கு முன் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்பதால் வயிறு காந்திற்று.

"எத்தனை பேர் வருவார்கள் தாவீது?" என்று கேட்டேன்.

"பதினோரு பேரு ஐயரே. பாக்கியம்மா வந்தா பன்னெண்டு. அவ வூடு தூரம், கால்ல வேற புண்ணு. வர மாட்டான்னு நெனைக்கிறேன்."

பதினொன்று என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆளுக்கு ஒரு மிடறு. என் மிடறு முதலில் போய்விடும். அளந்து ஊற்றினால் கடைசி ஆளோடு பாத்திரம் காலி, மிச்சமே இராது. படகு சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவர் தெரிகிற இடத்துக்கு வருவதற்குள் இந்தத் திட்டம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு காற்றுகூட நன்றாக இருந்தது.

சவுக்குத் தோப்புக்குள் பனையோலை வேய்ந்த ஜெபவீடு. பதினொரு பேரும் வெளுத்த துணி உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு முக்காலி, மேஜைக்கு ஒரு வெள்ளை விரிப்பு. நான் குப்பியைச் சாய்த்து ஊற்றினபோது தாவீது பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

முதலில் நான் குடித்தேன். பிறகு ஒவ்வொருவராக முழங்காலில் நின்றார்கள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனேன். என் கணக்கு சரியாகவே வந்தது. பதினொன்றாமவர் தலையை நிமிர்த்தியபோது பாத்திரத்தின் அடி பளபளவென்று தெரிந்தது. அப்போதுதான் வாசல் பக்கமிருந்து தாவீது மெதுவாக, "பாக்கியம்மா வந்துகினு கீது" என்றார்.

பாதங்களில் துணி சுற்றி, கார் டயர் வெட்டிச் செய்த செருப்பை மேலே கட்டி, ஒரு கழியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மணலில் வந்தாள். விரல்கள் இல்லை. அறுபது வயதிருக்கலாம். ஒருவரையும் பார்க்காமல் நேரே வந்து முழங்காலிட்டாள். தட்டில் அப்பம் இருந்தது, கொடுத்தேன். அடுத்தது பாத்திரம்.

ரசம் போதாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் முறையில் தெளிவாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றி, மறுபடி ஜெபித்துக் கொடுக்கவேண்டும். குப்பி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஊற்றினால் மிஞ்சும். மிஞ்சினால் நான் குடிக்கவேண்டும், அதுவும் இவள் வாய் வைத்ததை. அவள் உதடு தடித்துப் பளபளத்தது. அதில் உணர்ச்சி இராது என்று ஒரு எண்ணம் எனக்குள் ஓடிற்று. காலிப் பாத்திரத்தை அவள் உதட்டில் வைத்து, சாய்த்து, சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொன்னேன். அவள் "ஆமென்" என்றாள்.

ஆசீர்வாதம் கூறி முடித்தேன். எல்லாரும் வெளியே அடுப்பு எரிகிற பக்கம் போனார்கள். பாக்கியம்மா மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னா ஐயரே, லோட்டா காலி" என்றாள்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. "என்ன பாக்கியம்மா?"

"ஒண்ணும் வர்ல. ரெண்டு தபா உறிஞ்சிப் பாத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "உதடு மரத்துப் பூட்ச்சி, மெய்தான். வெரலும் பூட்ச்சி. நாக்கு மரத்துப் போவல ஐயரே."

தாவீது துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"தீந்து பூட்ச்சின்னு நீ சொல்லிகினா நான் இன்னா சொல்லப் போறேன்" என்றாள். "கீற மாரி ஏன் காட்டுன? சரி வுடு. அடுத்த மாசம் சேத்து ஊத்து." கழியை மணிக்கட்டுகளில் சேர்த்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

அடுத்த மாசம் என்றாள். நான் இருப்பேன் என்றே வைத்துக்கொண்டாள்.

"உட்காருங்கள் பாக்கியம்மா" என்றேன். ஆசீர்வாதம் முடிந்த பிறகு இப்படிச் செய்ய எங்கள் முறையில் இடமுண்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. குப்பியைத் திறந்தேன். அளவு பார்க்காமல் சாய்த்ததில் ரசம் கடகடவென்று கொட்டிவிட்டது. "போதும் ஐயரே" என்று தாவீது சொல்வதற்குள் பாதிப் பாத்திரம் நிரம்பிவிட்டது. ஜெபித்தேன். பாத்திரத்தை அவள் வாயில் வைத்தேன். தாகமெடுத்தவள்போல் ஒரு நல்ல மிடறு குடித்து, உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மீதி முழுவதும் என் கையில் இருந்தது.

தாவீது கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தி, "நான் குட்ச்சிடட்டா ஐயரே? பெரிய ஐயருக்கு ஒடம்பு முடியாதப்ப நான்தான் முடிப்பேன். தப்பில்ல" என்றார்.

தப்பில்லைதான். சபையில் ஒருவர் உதவலாம் என்று எங்கள் முறையிலேயே இருக்கிறது. சரி என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த மனுஷன் இரண்டு நாளாக என் வாழைப்பழத்தையும் கடலையையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் என்னைக் காப்பாற்றத்தான் வருகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம் தாவீது" என்றேன்.

அவள் வாய் பட்ட விளிம்பு எது என்று பார்த்து, பாத்திரத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான் என் தைரியம். நான் திருப்பியதையும் அவள் பார்த்தாள். நான்கு மிடறு. கடைசி மிடறில் ஒரு அப்பத் துணுக்கு வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. பாத்திரத்தைத் தாவீதிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லமாட்டேன், பயத்தில் அழுதேன். எச்சிலைத் துப்பிவிடலாமா என்று நினைத்தேன். துப்பவில்லை, விழுங்கினேன்.

மதியம் மண்சட்டியில் நெத்திலிக் குழம்பும் சோறும் வைத்தார்கள். இனிமேல் என்ன என்று தோன்றிவிட்டது. நான்கு நாள் கடலை தின்ற வயிறு, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பாக்கியம்மா எதிரே உட்கார்ந்து, தட்டைத் தொடையில் இடுக்கிக்கொண்டு, கையின் மேட்டால் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

"குயம்பு காரமா ஐயரே?"

"கொஞ்சம்."

"மலாயாவுல மொளகா இல்லியா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஊசியால் குத்திப் பார்த்தேன். எல்லா இடமும் வலித்தது. நாளைக்கும் பார்ப்பேன், அடுத்த வருஷமும் பார்ப்பேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் போய், தங்குகிறேன் என்றேன். "பயம் போயிட்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "எனக்கே முழுசாப் போகல" என்று சொல்லி டீ ஊற்றினார். குடித்தேன்.

புளியமரம் வரை நடந்து, அதே ஜட்காவைப் பிடித்துச் செங்கல்பட்டுத் தபாலாபீசுக்குப் போனேன். கிரேஸுக்குத் தந்திப் பாரத்தில் எழுதிக் கொடுத்தேன். பயமாயிருக்கிறது, தங்குகிறேன், புறப்பட்டு வா.

குமாஸ்தா நெற்றியில் திருமண் இட்டிருந்தார். பாரத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது, பயமாயிருக்குன்னும் போட்டு, வான்னும் கூப்பிட்டிருக்கீங்க? பாத்தா அந்தம்மா பதறிப் போயிடுவாங்க. முதல் வார்த்தைய அடிச்சிடட்டுமா?"

"அடிக்காதீர்கள்" என்றேன். "அது இல்லாவிட்டால் மீதியை அவள் நம்பமாட்டாள்."